கெட்ட வார்த்தை பேசலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொல்லுங்கள்: அன்றாட வாழ்க்கையில் கெட்ட வார்த்தை பேசலாமா, கூடாதா?

நிலைமையைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது என்பது என் சுருக்கமான பதில். ஆனால் அது மட்டும் போதாது. நெருங்கிய நண்பர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே மணிக்கணக்கில் சிரித்துப் பேசுவதையும், ஒரு கெட்ட வார்த்தைகூடக் கலக்காமல் ஒருவர் இன்னொருவரைக் கூனிக்குறுக வைப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒரு சொல் நல்லதா கெட்டதா என்று ஆராய்வதைக் காட்டிலும், அது யாரை நோக்கிப் போகிறது, அதைக் கேட்டவர் அதே தொனியில் திருப்பிச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பதே பயன் தரும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

எவற்றையெல்லாம் கெட்ட வார்த்தை என்கிறோம்?

உலக மொழிகள் பலவற்றில் வசைச்சொற்கள் ஏறத்தாழ ஒரே சில இடங்களிலிருந்துதான் பிறக்கின்றன: உடலுறவு, அந்தரங்க உறுப்புகள், கழிவு, தெய்வம், சாவு, நோய், விலங்கு, பெற்றவளின் ஒழுக்கம், பிறப்பால் வந்த அடையாளம். இவற்றில் எது அதிகம் கூசும் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சில் தேவாலய வழிபாட்டுப் பொருட்களின் பெயர்களே காரமான வசவுகளாக வழங்குகின்றன. டச்சு மொழியில் கொடிய நோய்களின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். அவையில் சொல்லத் தகாததை வேறு சொற்களால் மறைத்துச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, ஒரு வழக்காகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு.

இந்தப் பக்கத்தில் மூன்று வகைகளைப் பிரித்துப் பேசுகிறேன். வலியிலோ எரிச்சலிலோ யாரையும் குறிக்காமல் வாயில் வந்துவிடுவது ஒன்று. பேச்சுக்கு அழுத்தம் சேர்க்க இடையிடையே தூவுவது இன்னொன்று. எதிரில் இருப்பவரைக் காயப்படுத்தவே எறிவது மூன்றாவது. சொல் ஒன்றாகவே இருந்தாலும் செயல் ஒன்றல்ல.

அடிபட்டதும் வாய்விட்டுத் திட்டினால் வலி குறையும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர் பெற்றது. மாணவர்கள் ஐஸ் போலக் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தி, தாங்க முடிந்தவரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு முறை, சுத்தியலால் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டால் வாயில் என்ன வருமோ அந்த வசைச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொரு முறை, ஒரு மேசையை வருணிக்கப் பயன்படும் சாதாரணச் சொல்லைச் சொல்ல வேண்டும். மேசைச் சொல்லைச் சொன்னபோது இருந்ததைவிட, திட்டிக்கொண்டிருந்தபோது அவர்களால் அதிக நேரம் கையை நீரில் வைத்திருக்க முடிந்தது; இதயத் துடிப்பும் கூடியிருந்தது. உடல் ஆபத்தைச் சந்திக்கத் தயாராகும்போது ஏற்படும் கிளர்ச்சியே வலியைச் சற்று மங்கச் செய்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்காக வழங்கப்படும் இக் நோபல் பரிசு, 2010-இல் அமைதிப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது. அமைதிக்கான பரிசு என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் குறும்பை நான் ரசிக்கிறேன்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2011-இல் வந்த தொடர் ஆய்வு, நாள் முழுவதும் வசைச்சொற்களைப் புழங்குபவர்களுக்கு இந்தப் பலன் குறைவாகவே கிடைத்ததைக் காட்டியது. 2020-இல் புதிதாக இட்டுக்கட்டிய போலி வசைச்சொற்களைக் கொடுத்துச் சொல்லச் செய்தபோது வலியைத் தாங்கும் திறன் கூடவே இல்லை. ஆக, வலியைத் தணிப்பது வெறும் ஒலியல்ல. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று சிறுவயது முதல் நமக்குள் ஊறிப்போன கூச்சமும் அதில் சேர்ந்திருக்கிறது. எப்போதும் பேசிப் பேசி அந்தக் கூச்சத்தைத் தேய்த்துவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அந்தச் சொல் வேலை செய்யாது.

கோபத்தைத் திட்டித் தீர்த்துவிட்டால் மனம் லேசாகிவிடும் அல்லவா?

உடல் வலிக்குப் பொருந்துவது கோபத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களே அதிகக் கோபத்தோடும் முரட்டுத்தனத்தோடும் இருந்தார்கள். அந்த ஆய்வு குத்துவதைப் பற்றியது, திட்டுவதைப் பற்றியதல்ல என்றாலும், கோபத்தைக் கொட்டினால் அது காலியாகிவிடும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொதுவானது.

தீராத நோயோடு போராடுபவர்களைப் பற்றி 2011-இல் வந்த இன்னோர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். மூட்டு வாதமோ மார்பகப் புற்றுநோயோ உள்ள பெண்களின் அன்றாடப் பேச்சை ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி அவ்வப்போது பதிவு செய்தது. பிறர் முன்னிலையில் அதிகமாக வசைச்சொற்களைப் பேசியவர்களுக்குக் காலப்போக்கில் சுற்றியிருப்பவர்களின் ஆதரவு குறைந்து, மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன. தனிமையில் திட்டியதற்கு இத்தகைய விளைவு தென்படவில்லை. துன்பப்படுபவர் திட்டுவது நியாயமே. ஆயினும் ஒவ்வொரு நாளும் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மெல்ல விலகிப் போகக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது.

கெட்ட வார்த்தை பேசுபவர்களுக்குச் சொல்வளம் குறைவு என்பது சரியா?

சரியல்ல. டிமத்தி ஜே, கிறிஸ்டின் ஜே இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிமிடத்துக்குள் அதிகமான வசைச்சொற்களை அடுக்க முடிந்தவர்களே மற்ற வகைச் சொற்களையும் அதிகமாக அடுக்கினார்கள். சொல் தெரியாததால்தான் திட்டுகிறார்கள் என்பது நாகரிகமானவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

அப்படியென்றால் அவர்கள் மனதில் பட்டதைப் பேசும் நேர்மையாளர்களா?

இதுவும் முன்னதைப் போல ஓர் ஆறுதல்தான், எதிர்த்தரப்பினருக்கு. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வசைச்சொல் பயன்பாட்டுக்கும் நேர்மைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது உண்மை. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஆனால் அந்த ஆய்வு நேர்மையை அளந்த முறையே தவறு என்று வேறு ஆய்வாளர்கள் விரைவிலேயே மறுப்பு எழுதினார்கள். ‘நான் மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேச மாட்டேன்’ என்ற பீடிகையோடு பிறரை ஏசுபவரிடம் நேர்மை இருக்கிறதோ இல்லையோ, அந்த நேர்மைக்கான விலையைக் கேட்பவர்தான் கொடுக்கிறார்.

நண்பர்களுக்குள் பேசிக்கொள்வதில் என்ன தவறு?

பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் குழுவொன்று தங்களுக்குள் பேசிக்கொண்டதை மொழியியலாளர்கள் பதிவு செய்து 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குறை சொல்லும்போதும், வேலையை மறுக்கும்போதும், புலம்பும்போதும் அந்தத் தொழிலாளர்கள் கடுமையான வசைச்சொல் ஒன்றைச் சரளமாகப் பயன்படுத்தினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ‘நீ எங்களில் ஒருவன்’ என்பதன் அடையாளமாகவே அது இருந்தது. அதே தொழிலாளர்கள் குழுவுக்கு வெளியே உள்ளவர்களிடம் அப்படிப் பேசவில்லை. தடித்த சொற்களைப் புழங்குபவர்களுக்கு இடம், ஆள், நேரம் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது மிக நன்றாகவே தெரியும்.

நண்பர் வட்டத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் திட்டுகிறார்களா, அல்லது குறிப்பிட்ட ஒருவரே எப்போதும் திட்டு வாங்குகிறாரா? நான்கு பேர் மாறி மாறி ஏசிக்கொண்டு சிரிப்பது விளையாட்டு. நால்வரும் ஐந்தாமவரை ஏச, அவரும் வேறு வழியின்றிச் சேர்ந்து சிரிப்பது வேறு விஷயம். அந்தச் சிரிப்பை சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அலுவலகத்தில்?

இங்கேதான் என் பதில் கண்டிப்பாகிறது. ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கணினித் திரையில் ஏதோ ஒரு பட்டியல் திறக்க மறுக்கிறது. மேலாளர் ‘சனியன் பிடித்த கணினி’ என்கிறார்; எல்லோரும் சிரிக்கிறார்கள், இறுக்கம் தளர்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, பட்டியலில் ஒரு பிழை கண்ணில் பட்டதும், அதே மேலாளர் அதே குரலில், சேர்ந்து சில மாதங்களே ஆன ஊழியரைப் பார்த்து ‘சனியனே, இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா’ என்கிறார். இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சொல் மாறவில்லை, திசை மாறியிருக்கிறது. அந்த ஊழியர் அதே சொல்லை மேலாளரிடம் திருப்பிச் சொன்னால் அவருடைய வேலை என்னவாகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால், கணினியைத் திட்டியதும் ஆளைத் திட்டியதும் ஏன் ஒன்றல்ல என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மற்ற நிரலாளர்களின் பிழைகளைக் கண்டால் காது கூசும்படி மின்னஞ்சலில் திட்டுவதற்குப் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றவர். தரம் காப்பாற்றப்பட அந்தக் காரம் தேவை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 2018 செப்டம்பரில், தம் மின்னஞ்சல்கள் தொழில்முறைக்குப் பொருந்தாத தாக்குதல்களாக இருந்ததாக ஒப்புக்கொண்டு அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியும் இருந்தார். பிறகு திரும்பி வந்தார், லினக்ஸின் வளர்ச்சியும் நின்றுபோகவில்லை. காரம் இல்லாமல் தரம் இல்லை என்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர் வெளியே வந்து தன்னைப் போன்ற ஒருவரிடம் அவரைத் திட்டித் தீர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். மேலிருந்து கீழே விழும் வசவும், கீழே இருப்பவர் தமக்குள் முணுமுணுத்துக்கொள்ளும் வசவும் ஒரே எடை அல்ல.

நான் திட்டியது ஒருவரை மட்டும்தானே, மற்றவர்கள் ஏன் புண்பட வேண்டும்?

நாம் அதிகம் யோசிக்காத கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். இரண்டு ஆண்கள் சாலையில் வண்டியை உரசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றால், அவர்கள் வாயில் வரும் வசவுகளில் பாதி அந்த இடத்திலேயே இல்லாத இரண்டு பெண்களைப் பற்றியதாக இருக்கும். பிரேக்கைத் தாமதமாக அழுத்தியவன் மகன். ஒழுக்கம் கெட்டவளாக ஆக்கப்படுபவள் தாய். ஏசியவனுக்கு அவளைத் தெரியாது. அவளைப் பற்றி அவன் எதுவும் நினைக்கவும் இல்லை. ஆனாலும் ஓர் ஆணை அவமானப்படுத்த அவனைச் சேர்ந்த பெண்ணின் உடலைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு அந்தச் சண்டையில் இன்னொரு முறை உறுதியாகிறது.

சாதி, இனம், நிறம், உடற்குறைபாடு, பாலின அடையாளம் ஆகியவற்றைக் கொண்டு திட்டுவதும் இப்படித்தான். முட்டாள்தனமாக நடந்துகொண்ட நண்பனை ஒரு குறைபாட்டின் பெயரால் அழைக்கும்போது, நண்பன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அடுத்த மேசையில் இருப்பவரின் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருந்தால் அவர் என்ன செய்வார்? அவர் பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார். உலகெங்கும் பொதுமக்களின் பார்வையும் இந்தப் பக்கமே நகர்ந்து வருவதாகத் தெரிகிறது. பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான வசைச்சொற்களை நேயர்கள் ஓரளவு பொறுத்துக்கொண்டார்கள். இனம் முதலிய அடையாளங்களைத் தாக்கும் சொற்களையே அதிகம் வெறுத்தார்கள்.

உடலுறவு சம்பந்தப்பட்ட பச்சையான சொல்லைக் கேட்டால் பதறுகிற சிலர், சாதிப் பெயரையே வசவாகச் சொல்வதை நயமான பேச்சு என்று கருதுவதை நான் கண்டிருக்கிறேன். என் கணக்கில் இரண்டாவதுதான் கெட்ட வார்த்தை.

வேறு மொழியில் திட்டினால் அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லையே, அது ஏன்?

சொல்பவருக்குத் தோன்றாது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்டவர்களுக்கு இரு மொழிகளிலும் தகாத சொற்களையும், சிறு பிள்ளைகளைக் கண்டிக்கும் தொடர்களையும் காட்டி, தோலின் மின்கடத்துத் திறன் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். தாய்மொழியில் உடல் அதிகமாக எதிர்வினை செய்தது. பின்னாளில் கற்ற மொழியின் சொல்லோடு, வீட்டில் வாங்கிய அடியும் பெற்றோரின் அதட்டலும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தாய்மொழியில் வாயெடுக்கத் துணியாத சொற்களை ஆங்கிலத்தில் கமாவைப் போலப் பயன்படுத்துபவர்கள் நம்மிடையே பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர் எதிரில் இருந்தால், உங்களுக்கு லேசாகத் தோன்றிய சொல் அவர் காதில் முழு எடையோடுதான் விழும்.

முதல் எழுத்தை மட்டும் எழுதிப் புள்ளி வைத்தால் போதுமா?

மரியாதைக்குப் போதும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வு ஒன்றில், ஒரே பொருளைத் தரும் வசைச்சொல்லையும் அதன் நாசூக்கான மாற்றையும் பங்கேற்றவர்களையே உரக்கச் சொல்லச் செய்தபோது, வசைச்சொல்லைச் சொன்னபோதே உடலின் பதற்றம் அதிகமாக இருந்தது. பொருள் ஒன்றாயினும் வடிவம் வேறு வேலை செய்கிறது. ஆனால் ஆளைக் குறிவைத்து எழுதிய வசவில் புள்ளி வைப்பதால் குறி மாறிவிடாது.

குழந்தைகள் முன்னால் பேசலாமா? குழந்தையே பேசினால் என்ன செய்வது?

தவிர்ப்பது நல்லது, தவறி வந்துவிட்டால் உலகம் இடிந்துவிடாது. இரண்டு மூன்று வயதுக் குழந்தை அப்படி ஒரு சொல்லைச் சொல்லும்போது அதன் பொருள் அதற்குத் தெரியாது. பெரியவர்கள் அதிர்ந்ததும், அத்தை சிரித்ததும், அப்பா முறைத்ததும்தான் அதற்குத் தெரியும். சிரிக்காமலும் அலறாமலும், ‘அந்தச் சொல் பிறருக்கு வருத்தம் தரும், நம் வீட்டில் சொல்ல வேண்டாம்’ என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவது நல்லது. வளர்ந்த பிள்ளையிடம், சொல்லைத் தடை செய்வதைக் காட்டிலும், யாரிடம், எதற்காகச் சொன்னாய் என்று கேட்பது அதிகம் உதவும். குழந்தையை அதன் முகத்துக்கு நேரே ஏசுவது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. திருப்பிச் சொல்ல முடியாதவர் யார் என்று தேடினால், பட்டியலில் முதலில் வருவது குழந்தைதான்.

விருப்பமின்றித் திட்டுபவர்கள் உண்டா?

உண்டு. 1885-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா தூரெத் விவரித்த, இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் நரம்பியல் நிலையில், தன்னிச்சையான அசைவுகளும் ஒலிகளும் தோன்றுகின்றன. அந்த நிலை உள்ள அனைவரும் கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்பது பரவலான தவறான எண்ணம். நூறு பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கே அது நேர்கிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்களில் சிலருக்கு வசைச்சொற்கள் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. 1861-இல் பால் புரோக்கா ஆராய்ந்த புகழ்பெற்ற நோயாளியால் ‘தான்’ என்ற ஓரசையைத்தான் சொல்ல முடிந்தது. கடுங்கோபம் வந்தால் மட்டும் தெய்வத்தின் பெயரால் ஒரு வசவு முழுதாக வெளிவந்தது. பக்கவாதம் வந்த தந்தை பிள்ளைகளின் பெயரை மறந்து வசவை மட்டும் சொல்கிறார் என்று மனம் உடைபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது அவருடைய மனதில் இருந்து வரும் தீர்ப்பு அல்ல, சிதையாமல் எஞ்சிய ஒரு துண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில், கட்டாய ராணுவச் சேவையைக் கெட்ட வார்த்தையால் சாடும் வாசகம் எழுதிய மேலங்கியோடு நீதிமன்ற வளாகத்தில் நடந்த இளைஞரின் தண்டனையை 1971-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது யாரையும் நேரடியாக நோக்கிய வசவல்ல என்பதும் தீர்ப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே நீதிமன்றம் 1978-இல், குழந்தைகள் கேட்கக்கூடிய பகல் நேர வானொலியில் அத்தகைய சொற்களைக் கட்டுப்படுத்தலாம் என்றது. ரஷ்யா 2014 முதல் திரைப்படத்திலும் மேடையிலும் வசைச்சொற்களைத் தடை செய்கிறது. இந்தியாவில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி ஆபாசச் சொற்களைச் சொல்வது குற்றம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது தனிச் சட்டத்தின் கீழ் இன்னும் கடுமையான குற்றம்.

பழக்கத்தை விட முடியவில்லை, என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். எந்த இடத்தில், யாரிடம் வருகிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். பெரும்பாலும் வண்டி ஓட்டும்போது, கைபேசியில் வாதிடும்போது, வீட்டில் சோர்ந்திருக்கும்போது என்று சில நேரங்கள்தான் தேறும். அவற்றில் ஆளை நோக்கிப் போவதை முதலில் நிறுத்துங்கள். அழுத்தத்துக்காகப் பழக்கத்தில் வருவதற்கு வேறு சொல்லைப் பழக்கிக்கொள்ளலாம். கால் விரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டபோது வருவதை அப்படியே விட்டுவிடுங்கள்.

நிதானம் தவறி ஒருவரைத் திட்டிவிட்டேன். எப்படி மன்னிப்புக் கேட்பது?

‘கோபத்தில் வந்துவிட்டது’ என்று தொடங்க வேண்டாம். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்ன சொன்னீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, அது தவறு என்று சொல்லுங்கள். அவருடைய வேலையில் பிழை இருந்திருந்தால் அதை இன்னொரு நாள் பேசலாம். மன்னிப்போடு சேர்த்தால் அது இரண்டாம் சுற்றுத் திட்டாகிவிடும். பத்துப் பேர் முன்னால் திட்டியிருந்தால், தனியறையில் கேட்ட மன்னிப்பு போதாது. அந்தப் பத்துப் பேர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும்.